பதினொரு லிங்க்ஸ்

பத்திரத்தில் இருக்கிற முக்கோணம்
பூமியில் இருக்க முடியாது.

இதைச் சொல்லத்தான்
போச்சம்பள்ளியிலிருந்து ஆறேகால் டவுன் பஸ்ஸில்
கருவியின் முக்காலியை மடியில் கிடத்திக்கொண்டு போனேன்.
சர்வேயர் அம்மா வருதென்று
மாந்தோப்பில் நாற்காலிகள் இரண்டு கட்சியாய்க் கிடந்தன.
கிழக்கே திம்மராயன்.
மேற்கே சென்றாயன்.
நடுவில் ஏழு கிளிமூக்கு மரம், யாரும் பறிக்காமல் உதிர்ந்த காய்.

எழுபத்தெட்டாம் வருடத்துப் பத்திரம்.
மடிப்பில் கிழிந்து ஒட்டுநாடாவில் பிழைத்திருந்தது.
ஒரு பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு லிங்க்ஸ்,
ஒரு பக்கம் நூற்று நாற்பத்தெட்டு,
மூன்றாவது முந்நூற்று எழுபத்தொன்று.

முதல் இரண்டையும் கூட்டுங்கள் என்றேன்.
முந்நூற்று அறுபது.
நீளப் பக்கத்தின் மேல் இரண்டையும்
ஆளுக்கொரு முனையிலிருந்து படுக்கப் போட்டாலும்
தலையும் தலையும் முட்டாது.
பதினொரு லிங்க்ஸ் வெறும் இடம்.
ஏழேகால் அடி.
ஓர் ஆள் கால் நீட்டித் தூங்கலாம்.
பிறகல்லவா எழுந்து நின்று கோணம் விரிப்பது.

"அப்ப பத்தொம்பது வருசமா கோர்ட்டுல?"
என்றாள் கெம்பம்மா, சென்றாயன் மருமகள்.
இல்லாத நிலத்துக்கு, என்றேன்.
சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

காளியப்பன் சங்கிலியை விரித்தான்.
புதரை விலக்கிக் கல் கல்லாய்ப் போனோம்.
முதல் பக்கம் சரி. இரண்டாவதும் சரி.
மூன்றாவது முந்நூற்றுப் பதினேழு.

ஏழும் ஒன்றும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.
அவ்வளவுதான்.
என்றோ ஒரு மதியச் சாப்பாட்டுக்குப் பின்
யாரோ ஒரு எழுத்தருக்குக் கண் சொருகியிருக்கிறது.

"மூணு பக்கமும் சமமா இல்லியா?"
திம்மராயனுக்கு வருத்தம்.
கோணத்துக்கு அறுபது அறுபதாய் இருப்பதெல்லாம்
ஐயா, பாடப்புத்தகத்தில் விளைவது.
செங்கோணம் ஒன்று பார்த்தேன், பர்கூர் சிப்காட்டில்,
அது காம்பவுண்டுச் சுவர் கட்டியவன் தயவு.
இருசமபக்கம் மத்தூர் ஏரிக்கரையில்,
அண்ணன் தம்பி சண்டைக்குப் பயந்து
கயிறு பிடித்து வெட்டியது.
மற்றபடி என் பதிவேடு முழுக்க
ஒன்றுக்கொன்று ஒவ்வாத மூன்று நீளங்கள்.

இங்கே ஒரு மூலை கால் பரப்பி
நூற்று இருபத்திரண்டரையை எடுத்துக்கொண்டது.
நூற்று எண்பதில் மிச்சம் ஐம்பத்தேழரை.
அதற்குள் ஒடுங்கியிருந்தன மற்ற இரண்டும்.
ஒரே முக்கோணத்தில் இரண்டு விரிகோணம் தங்காது
என்று காளியப்பனிடம் நான் சொன்னபோது
இரண்டு பெரியவர்களும்
ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

பரப்பு பதின்மூன்றேகால் சென்ட்.
எழுதிக் கையெழுத்திட்டேன்.
மூன்று நீளமும் சரியாய் இருந்துவிட்டால்
பயப்பட வேண்டாம், வடிவம் அசையாது.
நாலு மூலை நிலமென்றால்தான்
ஆணி கழன்ற படல் மாதிரி ஆடும்,
குறுக்கே ஒரு கோடு கேட்டிருப்பேன்.

விரிந்த மூலையின் கல்லில் நான் நின்றேன்.
நீளப் பக்கத்தின் இரு முனையில் அவர்கள்.
திம்மராயன் என்னைக் கேட்டார்,
"அந்தாளுக்குச் சம்மதமான்னு கேளுங்க."
கேட்டேன்.
சென்றாயன் என்னிடம் சொன்னார்,
"அவுரு சொல்லட்டும் மொதல்ல."
இருநூற்றுப் பன்னிரண்டு போய்
நூற்று நாற்பத்தெட்டு திரும்பி
ஒவ்வொரு சொல்லும் என் வழியாகவே சுற்றியது.
இத்தனை வருடம் அது
கிருஷ்ணகிரி வரை போய் வந்திருக்கிறது.

வெயில் ஏறிற்று. எனக்குத் தொண்டை வறண்டது.
நேர்கோடுதான் சுருக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லவில்லை.
சம்பளத்தில் அது சேராது.

அப்போது திம்மராயன்
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
வரப்பைச் சுற்றாமல்
உதிர்ந்த காய்களை மிதித்தபடி
முந்நூற்றுப் பதினேழு லிங்க்ஸும்
நேராக நடந்தார்.

சென்றாயன் முன்னால் போய் நின்று
பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக
அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"கல்லு உம் பக்கம் சாஞ்சிருக்குதுடா."